வடக்குச் சுவரோரத்துப் பன்னிரண்டு செடிகள்

1

மதுரையில் அச்சாபீஸ் வேலை பார்க்கும் என் சித்தப்பா பேரன் போன மாதம் கடிதம் போட்டிருந்தான். "பெரியப்பா, கண்டியில் பூச்செடி எப்படி வளர்க்கிறார்கள், எந்த இடத்தில் எந்தச் செடி நிற்கும், எப்போது கவாத்து என்றெல்லாம் எழுதி அனுப்புங்கள். எங்கள் பத்திரிகையில் போடுகிறோம். அக்கரையில் இருப்பவர்கள் எழுதினால் இங்கே ஆவலாகப் படிக்கிறார்கள்" என்று கேட்டிருந்தான்.

கடிதம் வந்த அன்று காலண்டரைப் பார்த்தேன். வருகிற ஆடியோடு நான் கண்டி ஸ்டேஷனில் வந்து இறங்கிப் பதினைந்து வருஷம் ஆகிறது. சரி, எழுதித்தான் பார்ப்போமே என்று பேனாவை எடுத்தேன். எடுத்த பேனாவைத் திரும்ப வைத்துவிட்டேன். வயசு காரணமில்லை, எனக்கு இன்னும் ஐம்பது ஆகவில்லை. பூச்செடியைப் பற்றி எழுதினால் கவாத்தைப் பற்றி எழுத வேண்டும். கவாத்தைப் பற்றி எழுதினால் நான் வெட்டிய ஒரு வெட்டைப் பற்றியும் எழுதியாக வேண்டும். அந்த வெட்டினால் கறுப்பையா என்று ஒருவன் குடும்பத்தோடு கடல் தாண்டிப் போனான். போக வேண்டியவன் நான்.

அடுப்படியிலிருந்து என் மனைவி பேச்சியம்மாள் எட்டிப் பார்த்தாள். "எழுதுறதுன்னா முழுசா எழுதுங்க. இல்லேன்னா பேனாவ மூடி வச்சுட்டுப் போயித் தண்ணி ஊத்துங்க" என்றாள். அவளுக்கு எப்போதும் இரண்டே வழிதான்.

2

நான் பயந்த சுபாவம். சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள், எனக்கு வெளிச்சத்திலேயே தெரியும். நிலக்கோட்டைப் பக்கம் எங்களுக்கு மல்லிகைக் கொல்லை இருந்தது. அண்ணன்மார் மூன்று பேரும் அதைப் பங்கு பிரித்தபோது என் பங்கு எங்கே என்று கேட்கக்கூட எனக்கு வாய் வரவில்லை. என் கொல்லையிலேயே கூலிக்கு நிற்பதைவிட அக்கரைக்குப் போவது மேல் என்று பேச்சியையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். அது தைரியம் என்று ஊரில் பேசிக்கொண்டார்களாம். எனக்குச் சிரிப்பு வந்தது.

மண்டபத்து முகாமில் ஆறு நாள் வைத்திருந்தார்கள். துணிமணியை வாங்கி ஆவியில் போட்டார்கள், ஊசி குத்தினார்கள். ஈரச்சாக்கில் சுற்றிக் கொண்டுவந்திருந்த மல்லிகைப் பதியன் பத்தையும் "செடி கொடி கொண்டுபோகக் கூடாது" என்று எடுத்துக்கொண்டார்கள். அப்புறம் ஒரு மேசைக்காரர் தலை நிமிராமல், "எந்தத் தோட்டம்?" என்றார். நான் "பூந்தோட்டம்" என்றேன். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். இலங்கையில் தோட்டம் என்றால் தேயிலைத் தோட்டம்தான், வேறு தோட்டம் கிடையாது என்பது எனக்குத் தெரியாது. அவர் என்னவோ ஆங்கிலத்தில் எழுதி ஒரு சீட்டைக் கையில் கொடுத்தார். அதில் என்ன எழுதியிருக்கிறதோ, என்றைக்கு யார் வந்து கேட்பார்களோ என்ற பயத்தில் அந்தச் சீட்டை நான் பல வருஷம் மடியிலேயே வைத்திருந்தேன்.

கண்டியில் வந்து இறங்கிய அன்று ஊரெல்லாம் யானை. பெரஹர என்ற புத்தர்கோயில் திருவிழா ஊர்வலத்துக்கு வந்தவை. இந்த ஊரில் தினமும் இப்படித்தான் போலும் என்று நினைத்து, ஸ்டேஷன் சுவரோடு ஒட்டி நின்றேன். பேச்சிதான் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு யானைகளுக்கு நடுவே வழி கேட்டு நடந்தாள்.

3

ஏரிக்கு மேலே குன்றில் ஒரு பங்களா. துரை, தேயிலைக் கம்பெனி ஆபீஸ் நடத்துகிறவர். அங்கே எனக்குப் பூந்தோட்ட வேலை கிடைத்தது. இன்றுவரை அதே பங்களாதான். துரைமார் மாறிவிட்டார்கள், நான் மாறவில்லை.

இப்போது சித்தப்பா பேரன் கேட்டதற்கு வருகிறேன். ஒரே பங்களா, ஒரே மண் என்று நினைத்து நான் முதல் வருஷம் ஏமாந்தேன். குன்றுச்சரிவில் பத்தடிக்கு ஒரு சீமை. உச்சியில் சரளைக்கல். அங்கே தண்ணீர் நிற்காது, வெயில் நாள் முழுக்க அடிக்கும். அங்கே காகிதப்பூவை வைத்துவிட்டு மறந்துவிட வேண்டும். இரக்கப்பட்டுத் தண்ணீர் ஊற்றினால் வெறும் இலையாகத் தள்ளும். நடுச்சரிவில் செம்பருத்தி, வெட்சி. செம்பருத்தி புதுத்துளிரில் பூக்கிற செடி, எப்போது வெட்டினாலும் கோபித்துக்கொள்ளாது. வெட்சிக்கு ஒரு பூப்பு முடிந்ததும் நுனியை மட்டும் தட்டிவிட்டால் போதும். ரோஜாவுக்கு மழை ஓய வேண்டும். நம் ஊரில் ஒரு மழைக்காலம், இங்கே இரண்டு. ஊர் வழக்கப்படி ஐப்பசியில் வெட்டினால் வெட்டுவாயில் தண்ணீர் இறங்கிக் கொம்பு கறுத்துப்போகும். கீழே ஓடையோரம் சதசதவென்று இருக்கும். அங்கே கல்வாழையைத் தவிர நான் எதையும் வைப்பதில்லை. பலாமர நிழலில் பூவே கேட்கக் கூடாது, இலை அழகான செடிகள் போதும்.

மல்லிகை? அதையும் வைத்துப் பார்த்தேன். கடைவீதியில் ஒரு செட்டியார் வீட்டில் பதியன் வாங்கி வந்தேன். ஆள் உயரத்துக்கு வளர்ந்தது, பூ நாலுதான் வந்தது. மழை, மழை, ஓயாத மழை. மல்லிகைக்குத் தாகம் தெரிய வேண்டும், இங்கே அதற்கு வழியில்லை.

வடக்குச் சுவரோரம்தான் துரைசானி அம்மாவின் சொந்த இடம். காலையில் இரண்டு மணி நேரம் இளவெயில், அப்புறம் நிழல், எப்போதும் ஈரம். அங்கே அவர்கள் நுவரெலியாவிலிருந்து கொம்பு கொண்டுவந்து பன்னிரண்டு செடி வளர்த்தார்கள். ஐதரேஞ்சியா என்பார்கள். எங்கள் வாயில் அது ஐதராஞ்சி. இலை வெற்றிலை அகலத்துக்கு இருக்கும். பூ ஒரு தலைக்கு நூறு சேர்ந்து உருண்டையாக வரும். அங்கேயுள்ள செம்மண்ணுக்கு நல்ல நீலமாகப் பூத்தது. அவர்களே கையால் களை எடுப்பார்கள், அவர்களே தண்ணீர் ஊற்றுவார்கள். எங்களை அந்தப் பக்கம் அண்டவிட மாட்டார்கள்.

4

எங்களை என்றேன் அல்லவா, இன்னொருவன் கறுப்பையா. என்னைவிட ஏழெட்டு வயசு இளையவன். கெலிஓயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கவாத்து வெட்டியவன். தேயிலை விலை விழுந்த வருஷம் அவனைத் தோட்டத்திலிருந்து நிறுத்திவிட்டார்கள். எங்கள் பங்களாவில் ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டுப் பெண்சாதியையும் இரண்டு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு வந்து சேர்ந்தான். பங்களாவுக்குப் பின்னால் எங்கள் அறைக்கு அடுத்த அறை அவர்களுக்கு.

ஒரு விஷயத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். நான் இந்தியாவில் பிறந்தவன், கறுப்பையா அப்படியில்லை. அவன் பிறந்தது, வளர்ந்தது, கல்யாணம் செய்தது எல்லாம் அந்தத் தோட்டத்து லயத்தில்தான். லயம் என்றால் கூலிகளுக்குக் கட்டிவிட்ட வரிசை வீடு. அவன் கடலையே பார்த்ததில்லை. "அங்கிட்டு மழையே பேயாதாமேண்ணே, அப்புறம் எப்புடிச் செடி மொளைக்கும்?" என்று என்னிடம் கேட்பான். நான் பெரிய மனுஷன் மாதிரி நம் ஊர் மல்லிகையைப் பற்றி அளப்பேன்.

மல்லிகைக் கவாத்தை அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. மார்கழியில் தண்ணீரை நிறுத்துவோம். இலையை உருவுவோம். புதரைக் கயிறு போட்டுக் கட்டி, முழங்கால் உயரத்துக்கு ஒரேயடியாக வெட்டித் தள்ளுவோம். பார்த்தால் எரிந்துபோன கொல்லை மாதிரி இருக்கும். மாசியில் துளிர், பங்குனியில் மொட்டு. வெட்ட வெட்டப் பூக்கும், பாவம் பார்த்தவன் கொல்லையில் பூ இராது என்பது எங்கள் பக்கத்துப் பேச்சு. இதை நான் தாய்ப்பாலோடு குடித்தவன். இந்த நாட்டுக்கு வந்தால் இங்கே தேயிலையையும் அப்படியேதான் வெட்டுகிறார்கள். எனவே பூமியில் உள்ள செடியெல்லாம் வெட்டினால்தான் செழிக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

5

தேயிலை விலை விழுந்து இரண்டாம் வருஷம் அது. தோட்டம் தோட்டமாக ஆட்களை நிறுத்தி, பெயர் எழுதி, ரயிலேற்றித் தலைமன்னார்த் துறைக்கு, அங்கிருந்து கப்பலில் இந்தியாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். கண்டி ஸ்டேஷன் பக்கம் போனால் சட்டிப் பானையோடும் கோழியோடும் குடும்பங்கள் உட்கார்ந்திருக்கும். நான் அந்தத் தெருவையே தவிர்த்துச் சுற்றிப் போவேன். என்னையும் அந்த வரிசையில் உட்கார வைத்துவிடுவார்களோ என்று பயம். ஊருக்குப் போனால் எனக்கு நிற்க ஓர் அடி மண் கிடையாது. மகள் செல்லம் அப்போது ஒன்பது வயசு. மிஷன் பள்ளிக்கூடத்தில் வகுப்பில் முதலாக வந்துகொண்டிருந்தாள். ஆங்கிலம் பேசினாள், சமையல்காரர் பிள்ளைகளோடு சிங்களம் பேசினாள். எங்களோடு பேசும்போதுதான் கொஞ்சம் யோசித்துப் பேசினாள்.

ஐப்பசியில் துரையும் துரைசானியும் சீமைக்கு லீவில் போனார்கள். போகும்போது எந்தெந்தச் செடியை வெட்ட வேண்டும் என்று ஒரு காகிதம் எழுதி ஆபீஸ் கிளாக்கரிடம் கொடுத்திருந்தார்கள். அவர் வந்து வாசித்துச் சொன்னார். ரோஜா, செம்பருத்தி, வேலிச்செடி. ஐதராஞ்சியின் பெயர் அதில் இல்லை. அம்மா மறந்துவிட்டார்கள் என்று நினைத்தேன்.

தை மாதம் ஒரு நாள். கறுப்பையா பெண்சாதியின் உறவில் ஒரு சாவு என்று குடும்பத்தோடு தெல்தெனியாவுக்குப் போயிருந்தான். நான் மட்டும். வடக்குச் சுவரோரம் போன வருஷத்துப் பூவெல்லாம் காய்ந்து பழுப்புத் தலைகளாகத் தொங்கியது. கண்ணுக்கு அசிங்கமாக இருந்தது. அம்மா வந்து பார்த்து, "ஆகா சுப்பையா!" என்று சொல்வது போலக் காதில் கேட்டது. கத்தியை எடுத்தேன். முழங்கால் உயரம், பன்னிரண்டு செடியும், ஒரே மூச்சில். பேச்சி கஞ்சி கொண்டுவந்தவள், "இதையுமா?" என்றாள். "உனக்கென்ன தெரியும்" என்றேன். அன்று எனக்கு இருந்த சந்தோஷத்தை மறைக்கக் கூடாது.

இரண்டு நாள் கழித்துக் கறுப்பையா வந்தான். பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

"அண்ணே, இதையுமா வெட்டிட்டீங்க? எங்க தோட்டத்துப் பங்களாவுல இந்தச் செடியில கத்தியே வைக்க மாட்டாங்களே. காஞ்ச பூவ மட்டுந்தான் ரெண்டு எலைக்கு மேல கிள்ளிப் போடுவாங்க. போன வருசக் கொம்போட நுனியிலதாண்ணே இந்த வருசத்து மொட்டு இருக்கும்."

"போடா, எனக்குச் சொல்ல வந்துட்டான்" என்று சிரித்தேன். சிரித்துவிட்டு அறைக்கு வந்து உட்கார்ந்தேன். அன்று மத்தியானம் வடக்குச் சுவர்ப் பக்கமே போகவில்லை.

மாசியில் செடிகள் துளிர்த்தன. கீரைப்பாத்தி போலக் கொழுகொழுவென்று இலை. பங்குனியில் பக்கத்துக் குன்றுப் பங்களாவில் ஐதராஞ்சிக்குப் பச்சை மொட்டு வந்துவிட்டது. நான் தினமும் விடிந்ததும் வடக்குச் சுவருக்கு ஓடி ஒவ்வொரு நுனியாக விரித்துப் பார்ப்பேன். இலைக்குள் இலை, அதற்குள் இன்னும் சின்ன இலை. அந்த வருஷம் முழுக்க அதில் பூவே வரவில்லை.

6

கிளாக்கர் யாழ்ப்பாணத்துக்காரர். கெட்டவர் இல்லை. கணக்காக இருப்பவர், அவ்வளவுதான். பங்குனிக் கடைசியில் குடையோடு வந்தார். வந்தவர் நேராக வடக்குச் சுவருக்குப் போனார்.

"சுப்பையா, உந்தச் செடியில ஏன் ஒரு மொட்டையும் காணேல்ல? துரைசானி தங்கச்சியாரையும் கூட்டிக்கொண்டு வாறா. இந்த நீலப்பூவைக் காட்டத்தான் கூட்டிக்கொண்டு வாறன் எண்டு கடிதத்தில எழுதியிருக்கிறா. இங்க வந்து பார்த்தா வெறும் இலையாக் கிடக்கு. ஆர் வெட்டினது?"

நான் குனிந்து ஒரு களையைப் பிடுங்கினேன். அவரே தொடர்ந்தார். "ஆபீசில இருந்தும் எழுதியிருக்கினம். தோட்டத்துக்கு ரெண்டு பேர் தேவையில்லை, ஒராளை நிப்பாட்டச் சொல்லி. இப்ப ஆரை நிப்பாட்டுறது எண்டு எனக்கு யோசிக்கத் தேவையில்லை. உண்மையைச் சொல்லும்."

இந்த இடத்தை நான் மெதுவாக எழுதுகிறேன். 'நான் வெட்டவில்லை' என்று நான் சொல்லவில்லை. 'கறுப்பையா வெட்டினான்' என்றும் சொல்லவில்லை. "கவாத்து வெட்டிப் பழகுன கை மாதிரி இருக்குங்க ஐயா" என்று சொன்னேன். பொய் இல்லை. நானும் கவாத்து வெட்டிப் பழகியவன்தானே. ஆனால் அந்த ஊரில் கவாத்து என்றால் தேயிலைதான், தேயிலை என்றால் கறுப்பையாதான் என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் சொன்னேன்.

"ஓம், அப்ப உவன்ரை வேலைதான்" என்றார் கிளாக்கர்.

கறுப்பையாவைக் கூப்பிட்டார். "நான் அன்னிக்கு இங்க இல்லீங்க ஐயா, தெல்தெனியாவுல சாவு வீடு" என்றான் அவன். "அன்னிக்கு எண்டா எண்டைக்கு? வெட்டின நாள் உனக்கு எப்படித் தெரியும்?" என்று கிளாக்கர் மடக்கினார். கறுப்பையா என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன். அங்கே ஓர் எறும்பு வரிசை போய்க்கொண்டிருந்தது, அதை எண்ணினேன். அவன் என் பெயரைச் சொல்லவே இல்லை. ஏன் சொல்லவில்லை என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அண்ணன் தானே சொல்லிவிடுவார் என்று நினைத்திருக்கலாம்.

மாதம் முடிந்ததும் அறையைக் காலி செய்தார்கள். போகும்போது என்னிடம் வந்தான். கோபமாக வந்திருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன்.

"அண்ணே, கிளாக்கரையாகிட்டச் சொல்ல ஒங்களுக்குப் பயமா இருக்கும். தொரசானி நல்லவங்க. அவங்க வந்ததும் நீங்க ஒரு வார்த்தை சொல்லிருங்க. நாங்க கெலிஓயாவுல மச்சான் லயத்துலதான் இருப்போம். ரொம்ப நாளு அங்க வச்சுக்க மாட்டாங்க, வெளியாளு லயத்துல இருக்கக் கூடாதாம். சீக்கிரம் சொல்லிருங்கண்ணே."

"சொல்றேன்டா" என்றேன்.

7

சித்திரை பிறந்ததும் துரைசானி வந்துவிட்டார்கள். தங்கச்சியும் கூட வந்திருந்தார்கள். வடக்குச் சுவரோரம் இருவரும் நின்று பேசிக்கொண்டதை ரோஜாப் பாத்தியில் குனிந்தபடி பார்த்தேன். அம்மா தோளைக் குலுக்கிவிட்டு உள்ளே போனார்கள். போய்ச் சொல்ல வேண்டியது அப்போதுதான்.

நாளைக்கு என்றேன். மறுநாள் துரை கூட இருந்தார். அடுத்த நாள் விருந்தாளிகள். அப்புறம் எனக்கு ஆங்கிலம் தெரியாது, அம்மாவுக்குத் தமிழ் தெரியாது, சமையல்காரர் மூலம் சொன்னால் ஊரெல்லாம் பரவும், கிளாக்கர் மூலம் சொன்னால் அவரே என்னைக் கொன்றுவிடுவார். இப்படி ஒவ்வொரு நாளைக்கும் ஒரு காரணம் கிடைத்தது. பயந்தவனுக்குக் காரணத்துக்குப் பஞ்சமே வராது. தெருவில் போலீஸ்காரர் போனால் என்னிடம்தான் வருகிறார் என்று நினைப்பேன். தபால்காரர் வந்தால் மடியில் இருக்கும் சீட்டைத் தொட்டுப் பார்ப்பேன். சோறு இறங்கவில்லை.

பேச்சி முதல் வாரம் சண்டை போட்டாள். "நீங்கதான வெட்டுனீங்க? கண்ணால பாத்தவ நான். அந்தப் புள்ளைக எங்க போயி நிக்கும்?" என்றாள். "நம்மள அனுப்பிட்டா செல்லம் எங்க நிப்பா?" என்று திருப்பிக் கேட்டேன். அவள் வாயை அடைத்துவிட்டேன் என்று நினைத்தேன். இரண்டாம் வாரம் அவள் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள்.

மூன்றாம் வாரம் ஒரு சாயங்காலம். செல்லம் கதிரையில் உட்கார்ந்து பாடம் எழுதிக்கொண்டிருந்தவள் தலை நிமிராமலே கேட்டாள்: "அப்பா, கறுப்பையா மாமா செடிய வெட்டினதாலதான் அவங்களப் போகச் சொன்னாங்களாம். சமையக்கார மாமா சொன்னாங்க. ஆனா அன்னிக்கு மாமா வீட்டுல யாருமே இல்லையே. நான் விளையாட ஆள் இல்லாம இருந்தேனே. அப்ப வெட்டினது யாரு?"

கிளாக்கரின் கேள்விக்கும் பயந்தேன். ஆனால் இதற்குப் பயந்தது போல அதற்குப் பயப்படவில்லை. இந்தப் பிள்ளைக்காகத்தான் இதையெல்லாம் செய்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தப் பிள்ளை இப்போது நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"நான்தாம்மா" என்றேன்.

அவள் பென்சிலைக் கீழே வைத்தாள். "அப்ப வாங்க, துரைசானிகிட்டச் சொல்லலாம். நான் இங்கிலீசுல சொல்றேன்" என்றாள். தண்ணீர் எடுத்துவரக் கூப்பிடுவது போலத்தான் கூப்பிட்டாள். இந்த நாட்டில் வளர்ந்த பிள்ளை. துரைசானி என்றால் அவளுக்கு ஒரு மனுஷி.

வராந்தாவில் அம்மாவும் தங்கச்சியும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். நான் படிக்குக் கீழேயே நின்றேன். தமிழில் சுற்றி வளைத்து ஆரம்பித்தேன். எங்கள் ஊர் மல்லிகை, மார்கழி மாதம், முழங்கால் உயரம் என்று ஒரு பாட்டம் சொல்லி முடித்தேன். செல்லம் அதை நாலே வார்த்தையில் சொன்னாள். கறுப்பையா பெயர் வந்தபோது மட்டும் கொஞ்சம் நீட்டிச் சொன்னாள்.

அம்மா கோப்பையை வைத்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார்கள்.

"ஏன் அப்பவே சொல்லலைன்னு கேக்கிறாங்க" என்றாள் செல்லம்.

"பயமா இருந்துச்சுன்னு சொல்லும்மா."

சொன்னாள்.  அம்மா இரண்டு வார்த்தை பேசிவிட்டுக் கோப்பையைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். பூ அடுத்த வருஷம் வருமாம். கிளாக்கரிடம் தானே பேசிக்கொள்வார்களாம். இருவருமே வேலையில் இருக்கலாமாம். நாளைக்கே போய்க் கறுப்பையாவைக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார்கள்.

அவ்வளவுதான். மூன்று வாரம் நான் செத்துச் செத்துப் பிழைத்ததற்கு அந்த வராந்தாவில் ஆன நேரம் அரைக்கோப்பைத் தேநீர். அறைக்கு வந்து பேச்சியிடம் சொன்னேன். அவள் தட்டில் சோறு போட்டாள். அன்று வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

8

மறுநாள் காலை பஸ்ஸில் கெலிஓயாவுக்குப் போய் இறங்கினேன். கடை வைத்திருந்த முஸ்லிம் நானா ஒருவரிடம் வழி கேட்டு, தேயிலைக்குள் இரண்டு மைல் ஏறினேன். வழியெல்லாம் அவனிடம் என்ன சொல்லலாம் என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். 'வாடா, வேலைக்குக் கூப்பிடுறாங்க' என்று முதலில் சொல்லிவிட வேண்டும், மற்றதை நடக்கும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று தீர்மானித்தேன்.

லயத்து வாசலில் ஒரு பெண் விறகு பிளந்துகொண்டிருந்தாள். கறுப்பையாவின் மச்சான் பெண்சாதி. நான் யாரென்று சொல்வதற்குள் அவள் கேட்டாள்.

"நீங்க பங்களாவுலேர்ந்து வர்ற அண்ணனா?"

"ஆமா. கறுப்பையா எங்க?"

அவள் கோடாலியைக் கீழே வைத்தாள். "முந்தாநாளு காலையில ரயிலேத்திட்டாங்க. இந்தியாவுக்கு அனுப்புற மொதக் கூட்டத்துலயே அவரு பேரு வந்துருச்சுங்க. போகல. பங்களாவுலேர்ந்து ஒரு அண்ணன் வருவாரு, வந்தா வேல திரும்பக் கெடைச்சுரும்னு கங்காணி கால்ல விழுந்து பேர அடுத்த கூட்டத்துக்கு மாத்திக்கிட்டாரு. அதுலயும் போகல. நெதமும் வெள்ளன எந்திரிச்சு அந்தப் பாதை வளைவுல போயி ஒக்காந்துருவாரு. மூணாவது தடவ தோட்டத்துல, வெளியாளு இனிமே லயத்துல இருந்தா எங்களையும் சேத்து வெளியேத்திப்புடுவோம்னு சொல்லிட்டாங்க. அப்புறந்தான் போனாரு."

"எந்த ஊருக்குப் போயிருக்கான்?"

"தெரியலீங்க. சீட்டுல ஒரு ஊரு பேரு போட்டுக் குடுத்தாங்க. அவரு தாத்தா ஊராம். எங்க யாருக்கும் வாசிக்கத் தெரியாது. அவருக்குந் தெரியாது."

எனக்குச் சாயத்தண்ணீர், அதாவது பால் விடாத தேநீர், கொடுத்தாள்.  தோட்டத்து ஆபீசில் போய்க் கேட்டேன், கண்டியில் மூன்று இடத்தில் கேட்டேன். பெயர் எழுதிய புத்தகம் கொழும்புக்குப் போய்விட்டது என்றார்கள். கிளாக்கரே என் சார்பில் இரண்டு கடிதம் எழுதிப் பார்த்தார். பதில் வரவில்லை. அடுத்த சித்திரையில் பன்னிரண்டு செடியிலும் நீலப்பூ பூத்துக் கிளை தாழ்ந்தது. துரைசானி கூப்பிட்டுப் பாராட்டினார்கள், எனக்கு நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. செல்லம் இப்போது டீச்சர் வேலைக்குப் படிக்கிறாள், கடிதம் எழுதினால் பாதி ஆங்கிலத்தில் எழுதுகிறாள். அந்த நாளைப் பற்றி அவளும் நானும் அப்புறம் பேசியதே இல்லை.

சித்தப்பா பேரனுக்கு ஒரு வார்த்தை. செடி வளர்ப்பு எழுதச் சொன்னாய், நான் இதை எழுதியிருக்கிறேன். போடுவதானால் முழுதும் போடு. உங்கள் பத்திரிகை மதுரை, ராமநாதபுரம், திருச்சி, புதுக்கோட்டைப் பக்கமெல்லாம் போகிறது என்கிறாய். வாசிக்கிறவர்கள் தயவுசெய்து வாசிக்கத் தெரியாதவர்களுக்கும் இதைச் சொல்லுங்கள். ஆறேழு வருஷத்துக்கு முன் இலங்கையிலிருந்து வந்த கறுப்பையா, முப்பத்தைந்து வயசு இருக்கும், பெண்சாதி பெயர் முத்தாயி, ஒரு பெண், ஒரு பையன். அந்த மண் அவனுக்குப் புதுசு. எங்கேயாவது கண்டால், ஐதராஞ்சியை வெட்டியது சுப்பையாதான் என்று அவன் பெண்சாதி பிள்ளைகள் முன்னால் சத்தமாகச் சொல்லுங்கள். அண்ணன் லயத்துக்கு வந்தார், இரண்டு நாள் பிந்தி வந்தார் என்று சொல்லுங்கள். ஊர் பெயரை ஒரு கார்டில் எழுதி எனக்குப் போடுங்கள்.

என் பெயரை மறைக்க வேண்டாம். கிளாக்கர் ஐயா தமிழ்ப் பத்திரிகை ஒன்று விடாமல் வாசிப்பவர், அவர் வழியாகப் புது துரை காதுக்கும் போகும். பயமாகத்தான் இருக்கிறது. பெயரைப் போட்டே அச்சடி.